கண்டக்டர் கிருபாவின் அம்மாவுக்கு

என் எஸ்தருக்கு,

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. மிஞ்சிப் போனால் காலண்டர் தாளைக் கிழித்து "ராத்திரி வர லேட்டாகும்" என்று எழுதி அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போயிருப்பேன். இப்போது நீ படிக்க முடியாத இடத்துக்குப் போன பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்கிறாயா? சிரி. ஆனால் கடைசிவரை கேள். இதில் எனக்குப் பெருமை தரும் சங்கதி கொஞ்சம்தான்.

நம் கிருபாவின் கை வீக்கம் வடிந்துவிட்டது. எலும்பு முறியவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ மற்றது எதையும் காதில் வாங்க மாட்டாய்.

புதன், சனி இரண்டு நாளும் அவளை மதுராந்தகத்திலிருந்து ரயிலில் செங்கல்பட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவாயே, எங்கே என்றால் "கிளாஸ்" என்பாயே. கூடை பின்னுகிறார்கள், மெழுகுவத்தி செய்கிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். நாடகம் என்று நீ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தடுத்திருப்பேன் என்று உனக்குத் தெரியும்.

பஸ் டிப்போவில் நான் சொல்லி வைத்திருந்த பொய்யும் உனக்குத் தெரியும். "ஒரே பொண்ணு, கட்டிக் குடுத்து பெங்களூர்ல கீது." ஒரு கல்யாண வீட்டில் டிரைவர் பாலுவின் மனைவி உன்னிடம் "பேரப் புள்ள இன்னா படிக்குது?" என்று கேட்டாள். நீ இலையைப் பார்த்தபடியே "இன்னும் இல்ல" என்றாய். வீடு வந்து சேரும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பதில் நீ என்னை அறைந்திருக்கலாம்.

என் அப்பா செய்யூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். சாகும்வரை அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "டேய்" என்றே கூப்பிட்டார்கள். நான் கண்டக்டராகிக் காக்கி போட்ட முதல் நாள் ஒரு பெரிய மனிதர் "சார், மகாபலிபுரம் ஒண்ணு" என்று கேட்டார். அந்த "சார்" என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இனிமேல் எங்களைப் பார்த்து எவனும் சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன். அதற்காகப் பெற்ற பிள்ளையை மறைத்தேன். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

கிருபாவுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது நீங்கள் இரண்டு பேரும் தெரியாமல் என் பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள். அவள் பஸ் முழுக்கக் கேட்கும்படி "அப்பா!" என்று கத்தினாள். நான் முன்பின் தெரியாதவன்போல இரண்டு டிக்கெட் கொடுத்துவிட்டு முன்னால் நகர்ந்தேன். அன்று வீட்டுக்கு வந்து அவளிடம் விரலை நீட்டிச் சொன்னேன்: "டூட்டில இருக்கும்போது அப்பானு கூப்புடக் கூடாது. நான் அப்போ கண்டக்டர்." அவள் தலையாட்டினாள். அவளுக்கு ஒன்றைச் சொல்லிப் புரியவைக்க நாளாகும். புரிந்துவிட்டால் பிறகு அது மாறாது. உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

நீ போன பிறகு நான்கு மாதம் அவளை எங்கும் அனுப்பவில்லை. பக்கத்து வீட்டு அம்மா பார்த்துக்கொண்டார்கள். புதன், சனி காலையில் மட்டும் குளித்து, தலை சீவி, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிடுவாள். நான் டூட்டி முடிந்து வரும்போதும் அப்படியே உட்கார்ந்திருப்பாள். சோறு தொட்டிருக்க மாட்டாள். ஒரு நாள் உன் போனுக்கு மாலதி என்ற பெண் கூப்பிட்டது. "கிருபா வரலன்னா எங்களுக்கு நாடகம் இல்ல சார்" என்றது. அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அவள் சோறு தொட்டால் போதும் என்று மறுபடி அனுப்பச் சம்மதித்தேன்.

அந்தக் குழுவில் ஐந்து பேர். ஐந்து பேருமே கிருபாவைப்போல, சர்டிபிகேட்டில் "அறிவுசார் மாற்றுத்திறன்" என்று எழுதப்பட்டவர்கள். மாலதி அவர்களை மேடையில் ஏற்றுவதில்லை. மார்க்கெட், ஆஸ்பத்திரி வாசல் என்று ஜனங்கள் நடமாடும் இடத்துக்கே கூட்டிப்போய், ஜனங்களுக்கு நடுவிலேயே நடிக்கவைக்கிறது. "ஒரு மண்டபத்துல போட்டா ஆவாதாம்மா?" என்று கேட்டேன்.

"மண்டபத்துல நம்ம சொந்தக்காரங்க வந்து கை தட்டிட்டுப் போயிடுவாங்க சார். பஸ் ஸ்டாண்டுல யாரோ ஒருத்தர் இவங்க பக்கத்துல உக்காரணும். அதுதான் கஷ்டம். அதுக்குத்தான் போறோம்."

"எந்த பஸ் ஸ்டாண்டு?"

"செங்கல்பட்டு. மகாபலிபுரம் பஸ் நிக்கிற எடம். கிருபாதான் எடம் சொன்னா. அவதான் கண்டக்டர்."

கேட்டாயா, எஸ்தர்? என் பஸ் நிற்கும் இடம் அது. அவர்கள் குறித்த நாளில், பதினொரு மணிக்கு, அங்கே நிற்கப்போவதும் என் பஸ்தான். டைம் கீப்பர் முனுசாமியிடம் போய் டூட்டி மாற்றித் தரச்சொல்லிக் கெஞ்சினேன். "ஆளே இல்லய்யா, நீ வேற" என்று விரட்டிவிட்டார்.

அந்த நாள் வந்தது. பத்து ஐம்பதுக்கு நான் பஸ்ஸோடு உள்ளே நுழையும்போதே அவளைப் பார்த்துவிட்டேன். என் பழைய காக்கிச் சட்டையை அளவு குறைத்துத் தைத்துப் போட்டிருந்தாள். தோளில் அட்டையில் செய்த பை, கழுத்தில் விசில். பக்கத்து பெஞ்சில் அந்தக் குழுவில் ஒருவரான சேகர் மடியில் ஒரு மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். மகாபலிபுரம் கடலோரக் குப்பத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் அவருக்கு ஒரே கேள்வி: "பஸ் வந்துச்சா?" சிலர் "தோ கீதே" என்று என் பஸ்ஸைக் காட்டினார்கள். சிலர் பெஞ்சை விட்டு எழுந்து தள்ளிப் போனார்கள்.

கிருபா கையை உயர்த்திக் கூவினாள். "கழுக்குன்றம்... பூஞ்சேரி... மகாபலீபுரம்! உள்ள போ, உள்ள போ, படில நிக்காத!" அது என் குரல். கூவுவதற்கு முன்னால் நான் தொண்டையைச் செருமுவேனே, அதுகூட அப்படியே. நான் என்றைக்கும் அவளை உட்காரவைத்து ஒன்றும் சொல்லிக்கொடுத்ததில்லை. எப்போது இதையெல்லாம் பார்த்தாள்?

இரண்டு கல்லூரிப் பையன்கள் போனில் படம் பிடித்துச் சிரித்தார்கள். ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி பாலு திரும்பினான். "இன்னா அண்ணாத்த, அந்தப் பொண்ணு அப்டியே உன்ன மாரியே கத்துது! யாரு அது?"

"யாரோ" என்றேன்.

அந்தச் சொல்லை நான்தான் சொன்னேன். வேறு யாரும் என் வாயில் வைக்கவில்லை.

அவள் கலர்த் தாளில் வெட்டிய டிக்கெட்டுகளை எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு சின்னப் பெண் குழந்தை, நான்கு வயதிருக்கும், கையை நீட்டியது. அதன் அம்மா அந்தப் பக்கம் திரும்பித் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டிருந்தாள். கிருபா டிக்கெட்டைக் கொடுத்தாள். பிறகு, நான் தினமும் செய்வதைத்தான் செய்தாள். குழந்தையை இடுப்பில் பிடித்துத் தூக்கி என் பஸ்ஸின் முன் படியில் ஏற்றினாள்.

அந்த அம்மா திரும்பினாள். போட்ட கூச்சலில் பஸ் ஸ்டாண்டே திரும்பியது.

"ஐயோ, எம் புள்ள! புள்ளய தூக்கினு போறா!"

"புள்ள புடிக்கிறவடா! கண்டக்டர் ட்ரெஸ் போட்டுகினு வந்துகீறா பாரு!"

எங்கிருந்துதான் அத்தனை பேர் வந்தார்களோ. மாலதி "நாடகம், நாடகம்" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தது. அதைத் தள்ளிவிட்டார்கள். மடித்துக் கட்டிய லுங்கியோடு ஒரு தடித்த ஆள் கிருபாவின் வலது கையைப் பின்பக்கமாக முறுக்கினான். அவள் அழவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

நான் பின் படியில் நின்றிருந்தேன். பத்தடிகூட இல்லை. ஆனால் உடனே இறங்கவில்லை எஸ்தர். மூன்று டிக்கெட் அடிக்கும் நேரம் நின்றேன். யாராவது போலீஸைக் கூப்பிடுவார்கள், மாலதி பேசிச் சரிசெய்துவிடும், என் பெயர் வராமலே முடிந்துவிடும் என்று அந்த நேரத்திலும் என் மூளை கணக்குப் போட்டது. பிறகு யாரோ அவள் பின்னலைப் பிடித்து இழுத்தார்கள். நீ அத்தனை வருஷம் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்ட பின்னல். அப்போதுதான் என் கால் நகர்ந்தது.

"கைய வுடுடா! அது எம் பொண்ணு!"

கூட்டம் ஒரு கணம் நின்றது. தடித்த ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னா கண்டக்டரே, அவள தப்பிக்க வைக்கப் பாக்குறியா?"

பாலு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். கெட்ட எண்ணத்தில் இல்லை, குழம்பிப்போய்க் கேட்டான்: "அண்ணாத்த, உம் பொண்ணு பெங்களூர்ல இல்ல கீது?"

கூட்டத்தில் ஒரு வயதான அம்மா நியாயமாகக் கேட்பதுபோல் கிருபாவிடமே கேட்டாள். "ஏம்மா, சொல்லு. இவுரு உங்கப்பனா?"

கிருபா என்னைப் பார்த்தாள். காக்கிச் சட்டையைப் பார்த்தாள். தோள் பையைப் பார்த்தாள். கையிலிருந்த டிக்கெட் மெஷினைப் பார்த்தாள்.

"இல்ல" என்றாள். "கண்டக்டரு."

"பாத்தியா! அவளே இல்லன்றா!" என்று கூட்டம் மறுபடி நெருக்கியது. யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்தார்கள்.

அவள் பொய் சொல்லவில்லை. நான் சொன்னதைக் கேட்டாள். கை முறுகிக்கொண்டிருந்த நேரத்திலும், பதினான்கு வருஷத்துக்கு முன்னால் நான் விரலை நீட்டிச் சொன்னதை மீறவில்லை. நீயாக இருந்தால் அந்த இடத்தில் என்ன செய்திருப்பாய்? எனக்கு உன்னைக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

"கிருபா, டூட்டி முடிஞ்சிச்சும்மா. இப்போ கூப்புடலாம்" என்றேன்.

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "பஸ் இங்கதான் கீது."

முனுசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "தேவராஜு, டைம் ஆவுது. இது போலீசு கேசு, அவுங்க பாத்துப்பாங்க. நீ வண்டிய எடு."

தோள் பையைக் கழற்றி அவர் தோளில் மாட்டினேன். டிக்கெட் மெஷினை அவர் கையில் வைத்தேன். "நான் எறங்கிக்கிறேன் சார்."

"இன்னாய்யா வெளையாடறியா? வண்டி நெறைய சனம் கீது! வேல போயிடும்யா!"

"போட்டும் சார்."

விசிலைக் கழற்றினேன். பிறகு சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டையையும் எடுத்தேன். இழுத்ததில் கடைசிப் பொத்தான் அறுந்து விழுந்தது. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில், என்னை "சார்" என்று கூப்பிடும் ஊரில், பனியனோடு நின்றேன். கிருபா ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். எல்லாம் முடிந்த பிறகுதான் அவள் முகம் கோணியது.

"அப்பா" என்றாள். "கை வலிக்குது."

தடித்த ஆளின் பிடி தானாக விட்டது. பஸ் படியில் நின்றிருந்த அந்தக் குழந்தை டிக்கெட்டைத் தூக்கிக் காட்டி, "அக்கா குடுத்தாங்க" என்றது. அதன் அம்மா அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். "எனுக்கு எப்டி சார் தெரியும்? டெய்லி போன்ல புள்ள புடிக்கிறவங்கன்னு வந்துகினே கீது. எனுக்கு எப்டித் தெரியும்?" என் கூடவே இத்தனை வருஷம் வண்டி ஓட்டிய பாலுவுக்கே நான் தெரியவைக்கவில்லையே.

போலீஸ்காரர் வந்து மாலதியின் அனுமதிக் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் கிருபா என்னை விட்டு நகர்ந்துவிட்டாள். பெஞ்சில் சேகர் இன்னும் அதே இடத்தில் மூட்டையோடு உட்கார்ந்து, "பஸ் வந்துச்சா? பஸ் வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் பங்கு முடியவில்லையே. கிருபா வலது கையைத் தொங்கவிட்டபடி, இடது கையால் ஒரு டிக்கெட்டை எடுத்து அவரிடம் கொடுத்தாள். "வந்துச்சு. ஏறு." அதுதான் நாடகத்தின் கடைசி வசனமாம். நான்கைந்து பேர் கை தட்டினார்கள். மற்றவர்கள் கலைந்து போனார்கள்.

அதற்குப் பிறகுதான் அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

வேலை போகவில்லை. மெமோ வந்தது. பணி நேரத்தில் பேருந்தை விட்டு இறங்கியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். மூன்று நாள் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில், "எனக்கு ஒரே மகள். பெயர் கிருபா. அறிவுசார் மாற்றுத்திறனாளி. அவளைக் காப்பாற்ற இறங்கினேன்" என்று எழுதிக் கொடுத்தேன். அலுவலகத் தாளில் அவள் பெயரை நான் எழுதியது அதுதான் முதல் தடவை. வேறு ரூட்டுக்கு மாற்றிவிட்டார்கள். பாலு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் டீக்கடையில், "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல அண்ணாத்த" என்றான். அவ்வளவுதான்.

அடுத்த நாடகம் மகாபலிபுரம் கடற்கரையில், ஒரு மாதம் கழித்து என்று முன்பே பேசியிருந்தார்கள். நான் முடியாது என்றேன். மாலதியும் வற்புறுத்தவில்லை, அதற்கே பயம் பிடித்துவிட்டது. ஆனால் சேகரின் அண்ணன் படகுக்காரர். அவர் போன் செய்து, "எங்க குப்பத்துல வந்து போடுங்க. எவன் கைய வெக்கிறான்னு பாக்குறேன்" என்றார். புதன்கிழமை காலையில் கிருபா கைக்கட்டோடு செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"பயமா இல்லயாம்மா?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"பயம்தான்." செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு, "போணும்."

போனோம். குறித்த நாளில், சாயங்காலம் நான்கு மணி. கரைக்கு இழுத்துப் போட்டிருந்த ஒரு பைபர் படகுதான் பஸ். குப்பத்து ஜனங்கள் வலைகளின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். கோயில் பார்க்க வந்த கூட்டம் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தது. குழந்தையைத் தூக்கி ஏற்றும் இடத்தை மாலதி எடுத்துவிட்டிருந்தது. ஒத்திகையில் பத்து தடவை சொல்லிக்கொடுத்தும் ஆயிற்று. கிருபா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. படகுக்குப் பக்கத்தில் நின்று விசில் ஊதினாள். பிறகு குழந்தைகள் இருந்த பக்கம் திரும்பி, கைக்கட்டு அவிழ்த்த அந்த வலது கையை நீட்டினாள்.

"ஏறு."

ஒரு குழந்தையும் நகரவில்லை. அம்மாக்கள் பிள்ளைகளின் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். செங்கல்பட்டு விஷயம் இங்கேயும் வந்திருக்கும், வராமலா இருக்கும்? நீட்டிய கை அப்படியே நின்றது. வலியில் அது லேசாக ஆடுவது எனக்குத் தெரிந்தது. போய் நானே ஏறிவிடலாம் என்று எழுந்துவிட்டேன். மாலதி என் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"போவாதீங்க சார். நீங்க போனா அவ தோத்துடுவா."

நின்றேன். எஸ்தர், அன்று பஸ் ஸ்டாண்டில் இறங்காமல் நின்ற அந்த மூன்று டிக்கெட் நேரத்தைவிட இது பத்து மடங்கு நீளம். அன்று எனக்காக நின்றேன். இன்று அவளுக்காக நிற்க வேண்டியிருந்தது. இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும், இல்லையா?

ஒரு பெண் குழந்தை அம்மாவின் புடவைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. அந்த அம்மா, மீன் கூடைக்காரி, வாயைத் திறந்தாள். கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. வாயை மூடிக்கொண்டு கிருபாவையே பார்த்தாள். குழந்தை மணலில் நடந்து வந்து கையைப் பிடித்தது. கிருபா இரண்டு கையாலும் தூக்கிப் படகில் உட்காரவைத்தாள். ஒரு டிக்கெட் கொடுத்தாள்.

"எங்க போணும்?"

"கடைக்கு!"

குப்பமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குத்தான் நான் இத்தனை வருஷம் பயந்தேன். பக்கத்தில் நின்று கேட்டால் அது அப்படி இல்லை. பிறகு பிள்ளைகள் முண்டியடித்து ஏறினார்கள். படகு கொள்ளவில்லை. "படில நிக்காத, உள்ள போ!" என்று அவள் அதட்டிக்கொண்டிருந்தாள். நான் திரும்பிக் கடலைப் பார்த்து நின்றுகொண்டேன், யாரும் என் முகத்தைப் பார்க்காமலிருக்க.

இத்தனையும் சொல்லிவிட்டேன். இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

உன்னை அடக்கம் செய்த அன்று, டிப்போவிலிருந்து எல்லோரும் வருவார்கள் என்று, கிருபாவை விடியும் முன்பே செய்யூரில் என் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவள் உன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை. பெட்டி மூடியதைப் பார்க்கவில்லை. மண் போடவில்லை. "அம்மா ஊருக்குப் போயிருக்கு" என்று சொல்லிவைத்தேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்தது நாடகத்துக்குப் போக மட்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. நீ வந்து கூட்டிப்போவாய் என்று உட்கார்ந்திருந்தாள்.

நேற்று அவளிடம் உண்மையைச் சொன்னேன். நீ செத்துப்போனாய் என்று சொன்னேன். அழகான வார்த்தை எதையும் தேடவில்லை. அவள் என்னை அடித்தாள். கைக்கட்டு அவிழ்த்த அதே கையால், தோளில், முதுகில், பலமாக. நான் தடுக்கவில்லை. அடித்து முடித்து என் மடியில் படுத்துத் தூங்கிவிட்டாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவளை உன்னிடம் கூட்டிக்கொண்டு வருகிறேன். நீ இருக்கும் இடம் அவளுக்குத் தெரிய வேண்டும். அவள் எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தாலும் நான் கிளம்பலாம் என்று சொல்ல மாட்டேன். உன் கல்லறைக் கல்லில் உறவென்று என் பெயர் மட்டும்தான் வெட்டியிருக்கிறது. கல் வேலைக்காரரிடம் சொல்லிவிட்டேன், அவள் பெயரும் சேர்ந்து வரும். பாலுவும் அவன் மனைவியும் வருகிறார்கள். அந்த அம்மா இந்தத் தடவை பேரப் பிள்ளையைப் பற்றிக் கேட்டால், பதில் நான் சொல்கிறேன்.

கிருபாவின் அப்பா,
தேவராஜ்